மற்றவர் சம்மதமா?

மார்ச் 4, செவ்வாய்

கிடங்குக் கணினியின் மூடியை இன்று கழற்றினார்கள். இருபத்திரண்டு வருஷத் தூசி. பொறியாளர் அம்மா மூன்று தும்மல் போட்டுவிட்டு, “இது இன்னும் ஓடுதா சார்?” என்றார்.

“நானும்தான் ஓடறேன்” என்றேன்.

விஷயம் இதுதான். நம் போல்ட்டு, நட்டில் பாதியை வாங்குகிற கட்டடக் கம்பெனி, ஏப்ரல் இரண்டிலிருந்து வாயால் பேசி வாங்காதாம். அவர்களுடைய ஆப் கேட்கும். நம் கிடங்கு உடனே இருப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாத கடை பட்டியலில் இருக்காது. முப்பது வருஷம் வாயை வைத்துப் பிழைத்தவன் நான். இனி கிடங்குக்கு வாய் முளைக்க வேண்டும்.

பழைய நிரலைத் தூக்கிப் போட வேண்டாம் என்கிறார் அந்த அம்மா. “ஆப்புக்கெல்லாம் பின்னாடி ஒரு அமைப்பு கட்டறோம் சார். உங்க விற்பனை ஆளுங்க போன், பில் போடற மென்பொருள், அந்தக் கம்பெனி ஆப், எல்லாம் இதுகிட்டதான் பேசும். இது பழசைக் கேட்டுச் சொல்லும்.”

“அப்ப பின்வாசல்னு சொல்லுங்க.”

“ஐயோ, எங்க தொழில்ல பின்வாசல்னா திருட்டு வழி. பின்புலம்னு சொல்லுங்க சார்.”

சிரித்தேன். திருட்டு வழி என்ற வார்த்தை மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்கப் பெயர்த் தகராறு. கணினியில் சரக்குகளுக்கு இருக்கிற பெயர்கள் கம்பெனி ஆப்புக்குப் புரியவில்லை.

“சார், ‘தொப்பிக்காரன்’னா?”

“தலை மூடின நட்டு.”

“‘குள்ளன்’?”

“ஒரு அங்குலத்துக்கும் குறைஞ்ச போல்ட்டு.”

“‘மாமியார்’?”

“ஒருதரம் பிடிச்சா விடாது. ஸ்பிரிங் வாஷர்.”

அந்த அம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். இந்தப் பெயர்கள் எல்லாம் அவன் வைத்தவை. என் பழைய கூட்டாளி. நான் நெட்டை, அவன் குட்டை, உருண்டை. கடைத்தெருவே எங்களைப் போல்ட்டு, நட்டு என்றுதான் கூப்பிட்டது. ஒரே ஸ்கூட்டரில் மாதிரிப் பையை நடுவில் வைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போவோம். மேடு வந்தால் அவன் இறங்கித் தள்ளுவான். “எடை போட்டுத்தானே விக்கறோம், என்னையும் சேர்த்து வித்துடுடா” என்பான்.

எத்தனை நாளாயிற்று, அவன் குரலை மனசுக்குள் கூட கேட்டு.

மார்ச் 11, செவ்வாய்

முதல் சோதனை. விற்பனை ஆள் வெளியூரிலிருந்து போனில் ஆர்டர் போட்டான். நடுவில் சிக்னல் போனதாம், ஒரே ஆர்டர் இரண்டு தடவை வந்தது. பின்புலம் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஒன்றை ஒதுக்கியது. எனக்கு நெஞ்சு விம்மியது, உண்மையாகவே.

ஆனால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆர்டர் ஒன்றுகூட வெளியே வரவில்லை. உள்ளே போகிறது, மாட்டிக்கொள்கிறது. மாலை நான்கு மணிக்கு அந்த அம்மா கண்டுபிடித்தார். பழைய நிரல் ஓரிடத்தில் நின்று கேட்கிறது: ‘மற்றவர் சம்மதமா?’

“மத்தவர் யாரு சார்?”

“நான்தான்” என்றேன்.

“அப்ப முதல் ஆள்?”

“அதுவும் நான்தான்.”

அவர் பழைய பதிவுகளைத் தேட ஆரம்பித்தார்.

ஆரம்ப வருஷங்களில் ஒரே சரக்கை நானும் அவனும் தெரியாமல் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு லாரி ஒரே மூட்டைக்கு வாசலில் நின்றது. அன்றைக்கு அவன் போட்ட சட்டம்: பெரிய ஆர்டர் என்றால் ஒருவன் போட, மற்றவன் சம்மதம் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு ரகசிய வார்த்தை. நிரல் எழுத வந்தவர், “உங்க வார்த்தை என்ன?” என்று அவனைக் கேட்டார். அவன் என் பக்கம் திரும்பி, “நீயே சொல்லு” என்றான். வந்தவர் ஆங்கில எழுத்தில் அதையே தட்டிவிட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாற்றவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

அந்த அம்மா பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டார். எனக்கே மறந்தவை.

“பதினோரு வருஷமா மத்தவர் மூணே விநாடில ஆம் சொல்லிடறார். இவ்ளோ ஒத்துப்போற ஆள் வீட்ல கூட கிடைக்க மாட்டாங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி பாருங்க.”

பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம், அரை நாள். எத்தனை ‘இல்லை’! ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறான். ‘இல்லை. போன தடவை துரு வந்தது.’ ‘இல்லை. மழை வருது, முதல்ல மூட்டையைத் தார்ப்பாய் போட்டுக் கட்டு.’ ‘இல்லை. உனக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போ.’

கடைசி வரியில் கண்ணை ஓட்டாமல் எழுந்துவிட்டேன். அது என்ன என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

ஒரு போல்ட்டுச் சரக்கு வந்தது. தலையில் தர முத்திரை எல்லாம் சரி. அவன் வழக்கப்படி ஒன்றை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினான். கேரட் மாதிரி முறிந்தது. கணினியில் ‘இல்லை. தலை முறியுது. அனுப்பாதே’ என்று போட்டுவிட்டு மகள் பிரசவத்துக்குப் போனான். நான்கு நாள். வாங்குகிறவன் மணிக்கொரு தரம் போன். நம்மை விட்டால் எதிர்க்கடை. ஒன்று முறிந்தால் எல்லாமா முறியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி அதே ஆர்டரைப் போட்டேன். ‘மற்றவர் சம்மதமா?’ என்றது.

அவன் வார்த்தையைத் தட்டினேன். மூன்று விநாடி.

அந்தப் போல்ட்டு போட்ட ஒரு பட்டறையின் கூரை இறங்கியது. எல்லோரும் வெளியே சாப்பிடப் போயிருந்த நேரம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவன் வந்து கேட்டான். “கம்ப்யூட்டர் ஏதோ தப்பா மாத்திடுச்சு போலடா” என்றேன்.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். “என் வார்த்தை அதுக்குத் தெரிஞ்சிருக்கு. கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்டா.” மேசையிலிருந்து தன் அளவுகோலை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனான். பிறகு எல்லாம் வக்கீல் மூலம். ‘போல்ட்டுக்கு நட்டு கழண்டுடுச்சு’ என்று கடைத்தெரு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

மார்ச் 19, புதன்

“அந்தக் கேள்வியையே எடுத்துடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை. இல்ல, மிஷினே ஆம்னு சொல்ற மாதிரி எழுதலாம். ஆனா அதுக்கு எதுக்குக் கேட்கணும்? நிஜமாவே ரெண்டாவது ஆள் இருந்தா அவர் போனுக்கே கேள்வி போகும், எங்க இருந்தாலும். எதுன்னு திங்கட்கிழமை சொல்லுங்க” என்றார் அந்த அம்மா.

எடுத்துடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வார்த்தையை வைத்தே வியாபாரம் பண்ணினவன் நான் – என்னடா ஆச்சு எனக்கு?

மார்ச் 20, வியாழன்

மனைவியிடம் சொன்னேன், முழுவதும். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தவில்லை.

“நட்டு இல்லாத போல்ட்டை ஆணின்னு கூட சொல்ல முடியாதுங்க. ஆணியாவது தன்னால நிக்கும்.”

மார்ச் 23, ஞாயிறு

போனேன். நான்கு தெரு தள்ளித்தான் அவன் வீடு. நான்கு தெரு!

இரும்புக் கேட்டின் கீலை மாற்றிக்கொண்டிருந்தான், கையில் ஸ்பேனர். அவன் மனைவிதான் முதலில் பார்த்தாள். “வாங்கண்ணே. பதினோரு வருஷமா டீ ஆறுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் திரும்பாமலே, “யாரு, போல்ட்டா? நிழலே இவ்ளோ நீளமா வந்து விழுது” என்றான்.

தயார் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. “அன்னைக்கு மாத்தினது கம்ப்யூட்டர் இல்லடா. நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“என் வார்த்தை என்ன? ‘நீயே சொல்லு.’ நீயே சொல்லுவேன்னுதான்டா இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டிருந்தேன்.” இறுக்கிக்கொண்டிருந்த நட்டைவிட்டுக் கையை எடுத்தான். “அந்தக் கூரைக்குக் கீழ யாராவது இருந்திருந்தா, இப்ப இந்தக் கேட்டையே உனக்குத் திறந்திருக்க மாட்டேன்.”

“தெரியும்டா.”

டீ வந்தது. புதிய ஏற்பாட்டைச் சொன்னேன். கிடங்கு போனில் பேசும், நூறு கிலோவைத் தாண்டினால் அவனைக் கேட்கும் என்று.

“உன் கடைல எனக்கென்னடா வேலை?”

“‘இல்லை’ன்னு சொல்ற வேலை.”

“அதுக்குத்தான் உன் பொண்டாட்டி இருக்காளே.”

சரி என்று சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், “எந்த போன்ல வரும் அது? இந்தப் பழசுல வருமா?” என்றான்.

மார்ச் 24, திங்கள்

கேள்வியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை வார்த்தையே கிடையாதாம், அவனுக்குக் கொடுத்தனுப்புகிற புது போனில் அவன் விரல் ரேகை மட்டும். “பின்வாசல் அடைச்சாச்சு சார்” என்றார் அந்த அம்மா. அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ.

ஏப்ரல் 2, புதன்

காலை பத்து பன்னிரண்டுக்கு முதல் கேள்வி. அறுநூறு கிலோ இருக்கிறதா என்று கம்பெனி ஆப் கேட்டது. இரண்டே விநாடியில் கிடங்கு ‘இருக்கிறது’ என்றது. அவர்களுடைய பட்டியலில் நம் கடைப் பெயர் பச்சையில் வந்தது. விற்பனை ஆட்கள் கை தட்டினார்கள். ஆர்டரும் வந்தது. மதியத்துக்குள் உறுதி சொன்னால் போதும்.

கேள்வி அவன் போனுக்குப் போனது. மூன்று விநாடி போனது. பத்து நிமிஷம் போனது. அந்த அம்மா நகத்தைக் கடித்தார். “போனைப் பார்க்கலையோ சார்? கூப்பிட்டுச் சொல்லலாமா?”

“வேணாம். யோசிக்கிறான்.”

பத்து ஐம்பத்தைந்துக்குச் சிவப்பில் வந்தது: ‘இல்லை. புது சரக்குதானே, வைஸில் வெச்சுப் பார்த்தியா?’

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. “சார், முதல் நாளே...”

நான் கிடங்குக்குள் ஓடினேன். அறுபத்து நாலு வயதில், எல்லோரும் பார்க்க. மூலையில் கிடந்த மூட்டைகளைத் தள்ளி வைஸைத் தேடினேன். துருவேறி, திருகவே முடியவில்லை. எண்ணெய் விட்டு, துணியால் துடைத்து, ஒருவழியாக இறுக்கி ஆறு போல்ட்டைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் முறியவில்லை. படம் எடுத்து அனுப்பினேன்.

பதினொன்று நாற்பதுக்கு ‘ஆம்’ வந்தது. கீழே ஒரு வரி:

‘வைஸை இப்படியாடா வெச்சிருப்பே? நாளைக்கு வரேன். எண்ணெயைத் தொடாதே.’