மீட்டர் பாக்ஸ் மேல் இருந்த சர்க்கரை நோட்டு

அண்ணாச்சி,

உங்கள் சர்க்கரை நோட்டு இன்று திரும்பி வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு வழக்குக் கட்டை மூடிவிட்டார்களாம். "நீயே போயி வாங்கிட்டு வந்துரு, அந்த ஸ்டேஷன் வாசப்படிய இன்னொருக்க என்னால மிதிக்க முடியாது" என்று மதினி சொல்லிவிட்டார். காக்கி உறையைப் பிரித்ததும் பழைய செல்லோடேப்பின் பசை வாடை குப்பென்று அடித்தது. பக்கங்களில் ஆங்காங்கே நீளவாக்கில் சின்னச் சின்ன ஓட்டைகள். தடய அறிவியல் ஆய்வகத்தில் வெட்டி எடுத்த இடங்கள் அவை. நோட்டை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நேரில் என்றால் முதலில் ஒரு பாட்டம் ஏசிவிட்டுத்தான் சொல்லியிருப்பேன்.

சர்க்கரை நோய் ஆய்வுக்காக நான் சங்கரன்கோவில் வந்த புதிது நினைவிருக்கிறதா? வீட்டுக்கு ஒரு சுகர் மெஷினும் ஒரு நோட்டும் கொடுத்தோம். வாரம் இரண்டு நாள் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் தொட்டு, மெஷின் காட்டுகிற எண்ணை நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை நான் வந்து பார்ப்பேன். என்னத்தைப் பார்ப்பது! 110, 120, 110, 120. ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாம் நான் வருகிற அன்று காலையில் உட்கார்ந்து எழுதியது. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு அம்மா அடுத்த வாரத்துக்கும் சேர்த்தே எழுதி வைத்திருந்தார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொய்க் கணக்கை வச்சு நான் என்ன ஆராய்ச்சி பண்ண?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, பிறகு அவர்கள் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு வருவேன்.

உங்கள் நோட்டைத் திறந்த அன்றுதான் அசந்துபோனேன். "312. பிரியாணி. ஒரு பிளேட். அப்புறம் அரை." அடுத்தது, "146. வீட்ல சண்ட, ராத்திரி சாப்பிடல." ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அன்று குத்திய ஸ்ட்ரிப்பை, ரத்தக்கறையோடு, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தீர்கள்.

"என்ன அண்ணாச்சி இது அசிங்கம்?" என்றேன்.

"அசிங்கமா? ஆதாரம்மா, ஆதாரம்! முப்பது வருசம் வீடு வீடா ஏறிக் கரண்டு ரீடிங் எடுத்தவன் நான். நாய்கிட்ட கடி வாங்கிட்டு எழுதிட்டு வந்தாலும், 'நீரு வராமலே எழுதிட்டீரு வே'ம்பான். நாளைக்கு டாக்டரம்மாவும் அப்படிச் சொல்லமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. ரத்தம் பட்டதை வீட்டில் வைக்கக்கூடாது, மூடி போட்ட டப்பாவில் போட்டு எங்களிடம் கொடுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். தலையை ஆட்டினீர்கள். அடுத்த மாதம் வெள்ளை வெளேரென்று ஒரு புது நோட்டை நீட்டினீர்கள். ஒரு மனுஷனைத் திருத்திவிட்டோம் என்று நானும் பெருமையாக பஸ் ஏறினேன். எனக்குக் காட்ட ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று நீங்கள் இரண்டு நோட்டு எழுதியது அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் ஆய்வின் இரண்டாம் கட்டம் வந்தது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்குச் சர்க்கரை எப்படி இறங்குகிறது என்று பார்க்க, இரண்டு பேர் ரத்தமும் சேர்த்து வேண்டும். உங்கள் ஒரே மகள் கோமதி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு குழாய் ரத்தம் எடுக்கட்டுமா என்று இரண்டு மாதம் கேட்டேன். ஏதேதோ சாக்குச் சொன்னீர்கள். மூன்றாவது மாதமும் விடாமல் கேட்டபோது சுள்ளென்று விழுந்தீர்கள். பிறகு உங்களுக்கே மனசு கேட்காமல், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூடவே நடந்து வந்தீர்கள்.

"இளையரசனேந்தல்ல இருக்கும்போது எங்களுக்குப் பன்னெண்டு வருசம் பிள்ளை கிடையாது" என்றீர்கள். "கோமதிய நாங்க தத்து எடுத்தோம்மா. எல்லாம் முறைப்படிதான். கைக்குழந்தையாத் தூக்கிட்டு நேரா இங்கன குடிவந்துட்டோம். இங்கன ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கல்யாணம் முடிஞ்ச பிறகு சொல்லிரணும்னு உங்க மதினி சொல்லுதா. எப்பவுமே வேண்டாம்னு நான் சொல்லுதேன்."

"தப்பு அண்ணாச்சி. அது அவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம்" என்றேன். என் வாய் அன்றும் சும்மா இருக்கவில்லை.

"தப்பாத்தான் இருக்கும். நீங்க படிச்சவங்க. ஆனா எம் ரத்தத்தையும் அவ ரத்தத்தையும் ஒரே மேசையில வைக்கமாட்டேன்னு மட்டும் சொல்லிருங்க."

சொன்னேன். அதன் பிறகுதான் நீங்கள் வீட்டுக்குத் திரும்பினீர்கள்.

ஆய்வு முடிந்து, விதிப்படி ரத்தக் குழாய்களையெல்லாம் அழித்து, ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி மழையில் சிவகிரிக்குக் கல்யாணத்துக்குப் போன நீங்கள் வீடு திரும்பவில்லை. மலையில் பெய்த மழைக்கு ஓடையில் திடீரென்று தண்ணீர் வந்துவிட்டதாம். அதே வெள்ளத்தில் உங்கள் வயதுள்ள இன்னொருவரும் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு குளத்து மடையருகே ஒரு உடல் கிடைத்தது. முகமும் இல்லை, துணியும் இல்லை. பிணவறை வாசலில் இரண்டு குடும்பம் நின்றது. ஒரு பக்கம் மதினியும் கோமதியும், எதிர்ப்பக்கம் அந்த இன்னொருவரின் மனைவியும் இரண்டு மகன்களும். செய்தி கேட்டு நானும் ஓடிவந்தேன்.

டிஎன்ஏ பார்த்துத்தான் உடலைக் கொடுக்க முடியும் என்று எஸ்.ஐ. சொன்னார். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். உங்களுக்கு யாரும் இல்லை. கோமதி முன்னால் வந்து சுடிதார் கையை மேலே ஏற்றினாள்.

"நான்தான் சார் ஒரே பிள்ள. எங்கிட்ட எடுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளையும் அந்த மகன்களில் ஒருவனையும் அரசு மருத்துவமனைக்கு வரச் சொன்னார். மதினி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "அவளுக்கு ஊசின்னாலே பயம். வேண்டாம்னு நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்றார்.

"எனக்குத் தெரியும் மதினி. அண்ணாச்சி சொல்லியிருக்காங்க."

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோமதியின் ரத்தத்தை எடுத்தால் 'உறவு இல்லை' என்று முடிவு வரும். அந்த ஒற்றை வரியில் உங்கள் உடலும் மதினிக்குக் கிடைக்காது. உங்கள் மகளுக்கும், அப்பா செத்த நேரத்தில், ஒரு போலீஸ்காரர் வாயால் எல்லாம் தெரிந்துபோகும். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களோடு மல்லுக்கு நின்றவள்தான் நான். ஆனால் இப்படியா தெரிய வேண்டும்?

வீட்டுக்குப் போய் உங்கள் ரத்தமோ முடியோ பட்ட எதையாவது தேடினோம். ஷேவிங் செட், பல் துலக்கும் பிரஷ் எல்லாம் நீங்கள் கொண்டுபோன பையோடு போய்விட்டது. சீப்பில் மூன்று பேர் முடியும் இருந்தது. சட்டைகளை அந்த வாரம்தான் துவைத்திருந்தார்கள். எனக்கு அப்போதுதான் அந்த நோட்டு ஞாபகம் வந்தது. ஆனால் தூக்கிப் போடச் சொன்னவளே நான்தானே!

"மதினி, ஸ்ட்ரிப் ஒட்டின நோட்டு ஒண்ணு இருந்துச்சே. அத அண்ணாச்சி என்ன பண்ணுனாங்க?"

மதினி என்னையே பார்த்தார். "அந்தச் சவத்தத் தூரப் போடுங்கன்னு நானும் எத்தன நாளு கத்தியிருக்கேன். நீ பாத்தா ஏசுவேன்னு மீட்டர் பாக்ஸ் மேல ஒளிச்சு வச்சிருப்பாரு." ஸ்டூலைப் போட்டு ஏறி அவரே எடுத்துத் தந்தார். கடைசிப் பக்கத்தில் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை எழுதியது இருந்தது. "171. கல்யாண வீட்டுக்குப் போறேன். மெஷின் எடுத்துப் போகல. வந்து எழுதணும்." பக்கத்தில் ஸ்ட்ரிப். அந்த இடத்தில் நான் ஓவென்று அழுதுவிட்டேன், அண்ணாச்சி. பாவி மனுஷன், என் பேச்சைக் கேட்காமல் இருந்தீர்களே!

மறுநாள் ஒன்பதரைக்கே மருத்துவமனையில் எஸ்.ஐ. முன்னால் நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன். "பிள்ளையோட ரத்தத்துல பாதிதான் சார் அப்பாவோடது. இதுல இருக்கது முழுக்க அவரேதான். காய்ஞ்ச ரத்தம் போதும், இன்னும் துல்லியமா வரும்" என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எதற்காகச் சொல்கிறேன் என்பதைத்தான் சொல்லவில்லை. அவர் தடயவியல் டாக்டருக்கு போன் போட்டுப் பேசிவிட்டு, "அப்போ பொண்ணு வேண்டாம்" என்றார்.

மதினிக்கு உயிர் வந்தது. ஆனால் கோமதியின் முகம் சுண்டிப்போனதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏற்றிவிட்ட சுடிதார் கையை இறக்காமலே நின்றாள். "என் ரத்தம் வேண்டாமாக்கா? அப்பாவுக்கு நான் செய்யுததுக்கு இருந்தது அது ஒண்ணுதானே" என்று கேட்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

முடிவு வந்தது. வெட்டி எடுத்த ஸ்ட்ரிப்புகள் எல்லாமே ஒரே ஆளுடையவை. குளத்தில் கிடைத்ததும் அதே ஆள்தான். உங்களை உங்கள் பெயரிலேயே எரித்தோம். அந்த இன்னொரு அம்மா கூட்டத்தோடு வந்து மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுக்காரரும் நாலு நாள் கழித்துக் கிடைத்தார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

கோமதிக்குக் கல்யாணம் ஆகி, இப்போது பிள்ளையுண்டாகி ஆறாம் மாதம். நான் இப்போது கர்ப்பிணிகளுக்கு வருகிற சர்க்கரையைப் பற்றிய ஆய்வில் இருக்கிறேன். போன வாரம் மதினியோடு வந்தாள். குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் உட்கார்த்தி ரத்தம் எடுத்தேன். எண் கூடுதலாகத்தான் வந்தது. மற்றப் பிள்ளைகள் இதைக் கேட்டால் அழுவார்கள். எப்படிச் சொல்வது என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்பாவுக்கு இருந்துச்சுல்லா! அப்ப அப்பாகிட்டருந்துதான் எனக்கு வந்திருக்கு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த கையை என்னிடம் நீட்டினாள். "அன்னைக்கு என் ரத்தம் வேண்டாம்னுட்டீங்க. பாத்தீங்களாக்கா, அப்பா இதுலதான் இருக்காரு."

மதினி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிவத்தில் அடுத்த கேள்வி, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா? உண்டு, இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம். எதை எழுதினாலும் அவள் வைத்தியத்தில் ஒன்றும் மாறாது. அதே சாப்பாடு, அதே நடை, அதே பரிசோதனைதான். ஆனால் ஆய்வுக்கு அது முக்கியமான கேள்வி. மூன்றாவது கட்டம்தான் நியாயம். பேனா அங்கேதான் போயிற்று. கோமதி குனிந்து பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'உண்டு' என்பதில் டிக் அடித்தேன். எத்தனை வருஷமாக என்று அடுத்த வரி கேட்டது. "பதினோரு வருசம்" என்று அவளே சொன்னாள். அதையும் எழுதினேன்.

ஊர் ஊராகப் போய்ப் பொய் எழுதாதே என்று கத்தியவள் நான். தெரிந்தே எழுதியது இந்த ஒன்றுதான். அந்தப் படிவத்தை மட்டும் ஆய்விலிருந்து நீக்கிவிடலாம் என்று இரண்டு தடவை ஃபைலைத் திறந்தேன். காரணம் என்று ஒன்று எழுத வேண்டும், மூடி வைத்துவிட்டேன். பிள்ளை பிறந்து கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லிவிடுகிறேன் என்கிறார் மதினி. சொல்லத்தான் போகிறார், நீங்கள் வருத்தப்பட்டாலும் சரி. சொன்ன மறுநாளே கோமதி நேராக என்னிடம்தான் வருவாள். "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான எழுதுனீங்க?" என்று கேட்பாள்.

ஆமாம் என்று சொல்வேன், அண்ணாச்சி.