பலகையில் படித்த பெயர்

என் மகளுக்கு,

எழுதக் கற்றபின் என் முதல் கடிதம் இது. நேற்று நீ செய்ததையே உனக்குத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உங்கள் வரலாற்று ஆசிரியர்களின் பயிற்சிக்கு நான் பூரெக் பலகாரத் தட்டோடு வந்து கதவோரம் நின்றேன். இந்த நாட்டில் சிறுபான்மையான நம் துருக்கிப் பெயர்களை அரசு பறித்து வேறு பெயர் வைத்த குளிர்காலத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"அதை ஏன் இப்பக் கிளறணும்?" என்றார் உன் பக்கத்திலிருந்த தொதோர் சார்.

நீ எப்போதும்போலப் பேசாமல் இருந்துவிடுவாய் என்று நினைத்து, தட்டை வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன்.

"அப்பா, எங்க ஓடுறீங்க? உள்ள வாங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். நீ பலகையில் அனெலியா என்று எழுதினாய். "இது அஞ்சு வயசுல எனக்கு மாத்தி வச்ச பேரு. எங்கப்பா வச்சது இது," என்று பக்கத்திலேயே இன்னொன்றை எழுதினாய்.

"அட! இத்தனை வருஷமா ஒண்ணா காப்பி குடிக்கிறோம், சொல்லவே இல்லையேம்மா!" என்றார் தொதோர்.

"நீங்க கேட்டாத்தானே சார்?"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு, அந்தப் பாடத்தை முதலில் நீயே நடத்திக் காட்டவேண்டும் என்றார்.

ஐசெல். யார் உதவியும் இல்லாமல் நானே படித்தேன், மகளே. கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் உன்னைக் கூப்பிட்ட பெயர். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வா. தெருமுனையில் நீ வரும்போதே அந்தப் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுவேன்.

உன் அப்பா