உன் பெயர் விட்டுப்போன சாயங்காலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் இங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், போனில் சொல்வது போலவே "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. நாலாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு மூன்று நாள் உனக்குத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். இந்த நேரத்தில் உன் தலைமாட்டில் உட்கார வேண்டியவள் நான். குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு நான் ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இப்போது எழுதப் போவதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதுவும் போக, நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கிறதாம். அது எனக்கு இந்தக் கோடையில்தான் தெரியவந்தது, தெரியவந்த விதம்தான் இந்தக் கடிதம். பாதியில் கோபம் வந்தாலும் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் சேதி. உன் அணில் நன்றாக வளர்ந்துவிட்டாள். வந்த அன்று போட்டிருந்த நீலக் கால்சட்டை இப்போது கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது, ஏதோ வெள்ளத்தில் இறங்கப் போகிறவள் மாதிரி. தலையணைக்கு அடியில் பிஸ்கட் பதுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இந்தப் பெயரை வைத்த உன் அப்பா இருந்திருந்தால் தானே வாங்கி வந்து பதுக்கிக் கொடுத்திருப்பார். காலையில் இரண்டு பேருமாக மாடிக்குப் போய்த் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறோம். தக்காளிச் செடி எட்டுக் காய் விட்டது, அதில் மூன்றைப் பறவை தின்றது, இரண்டை இவள் பச்சையாகவே தின்றாள். மத்தியானம் வெயில் இறங்கும்வரை தரையில் பாயை விரித்துப் போட்டுச் சீட்டு விளையாடுகிறோம். உன் மகள் அப்பட்டமாக ஏமாற்றுகிறாள், நானும் ஏமாற்றுகிறேன், ஆகவே சண்டைக்கு இடமில்லை. நாலு மணிக்கு ஆளுக்கொரு டம்ளர் எலுமிச்சைச் சாறு. செவ்வாய்க்கிழமை நூலகம். மற்ற நாளில் பூங்கா வரைக்கும் ஒரு நடை, அங்கே இவள் ஊஞ்சல் ஆடுவாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. உன்னை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்த அதே நாட்களில் நான் சந்தோஷமாகவும் இருந்தேன். இரண்டும் ஒரே உடம்பில் எப்படி இருந்தன என்று எனக்கே புரியவில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

உன் அண்ணனும் அண்ணியும் நடுவில் ஒரு வாரம் வந்திருந்தார்கள். சமையலறை மின்விசிறியைச் சரிசெய்கிறேன் என்று ஏணியில் ஏறியவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். விசிறி இப்போது ஓடுகிறது, அவன்தான் ஓடவில்லை. அண்ணி என் காதுக் கருவியை அலமாரியிலிருந்து தேடி எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதை நான் மறுபடி அலமாரியில் வைத்தேன். என் காது நன்றாகத்தான் இருக்கிறது, மற்றவர்கள்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று நீயும் அவனும் எத்தனை தடவை நான் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வீறாப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் பிரார்த்தனை செய்யும் விதம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயும் அண்ணனும் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பீர்கள். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளுக்கு வேறு விதம் வராது. யாருக்காக, எந்த ஊரில் இருப்பவர், என்ன விஷயம், மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். கடவுளிடம் வளவளவென்று பேசி அவர் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்பது என் எண்ணம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் இடுப்பு, அண்ணியின் வேலை மாற்றம், மாப்பிள்ளையின் அலைச்சல், உன் மகளின் படிப்பு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் உன் பெயரைச் சொல்வேன். உன் பெயரைச் சொன்ன பிறகு வேறு யாரையும் நினைக்க முடியாமல் போகிறது, அதனால்தான் கடைசி. உன் மார்பில் இருந்த கட்டியைச் சொல்வேன், ஆபரேஷனைச் சொல்வேன், மருந்து ஏற்றும் தேதியைச் சொல்வேன். உதடு மட்டும்தான் அசைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் காலம், எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. பக்கத்து அறையில் உன் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் எக்ஸ்சேஞ்சில் பேசிய குரலில், ஊர் ஊருக்குக் கேட்கிற குரலில், தினமும் உன் வியாதியை அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு முன்பே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கீழ் வீட்டுக் கடிகாரக்காரர் ஒருநாள் படிக்கட்டில் மறித்து, "பையனுக்கு இடுப்பு தேவலையா" என்று கேட்டார். எவ்வளவு அக்கறையான மனிதர், எப்போது அவரிடம் சொன்னேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நான் நாற்காலியில் உட்கார்ந்து உன் மகளின் படிப்பு வரைக்கும் வந்திருந்தேன், அவர் கதவைத் தட்டினார். எங்கள் சமையலறைக் குழாயை நான் சரியாக மூடவில்லை, தொட்டி நிரம்பி அவர் வீட்டுக் கூரையில் சொட்டுகிறது என்றார். ஓடிப்போய் மூடி, துணியைப் போட்டுத் தரையைத் துடைத்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, தட்டு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டேன். உன் மகள் வரவில்லை. வாசற்படியில் நின்றபடி, "பாட்டி, இன்னைக்கு அம்மா பேரைச் சொல்லாமயே எழுந்துட்டீங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன பேர், என்ன சொல்கிறாய் என்றேன். "மாமாவுக்கு இடுப்பு சொன்னீங்க, என் படிப்பு சொன்னீங்க, அதுக்கப்புறம் அம்மாவோட கட்டிதானே. போய்ச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் சாப்பிடலாம்" என்றாள். கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

வந்த நாலாவது நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறோம், அந்த வாசனை அவளுக்கு ஆகாது, அதனால்தான் பாட்டி வீடு என்று நீயும் மாப்பிள்ளையும் எவ்வளவு யோசித்துச் சொல்லி அனுப்பினீர்கள். நான் நாலே நாளில் அதை உடைத்துப்போட்டேன். ஒன்பது வயதுக் குழந்தை ஏழு வாரம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு சீட்டு ஆடியிருக்கிறது. போனில் கேமரா கெட்டுவிட்டது, முகம் தெரியாது என்று நீ சொன்னபோதே காரணம் புரிந்துவிட்டது என்கிறாள். நூலகத்தில் விலங்குப் புத்தகம் எடுக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை நூலகத்து அம்மாவைக் கேட்டால், உடம்பைப் பற்றிய புத்தகங்கள் இருக்கும் அலமாரியில்தான் வரும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பாள் என்கிறார். அன்றைக்குத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அம்மா செத்துப்போய்விடுவாளா என்று. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, டாக்டர்கள் நம்பிக்கையாகத்தான் சொல்கிறார்கள் என்றேன். பிறகு சாப்பிட்டாள், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைக்கு முதல் ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள், நான்தான் சாப்பிட முடியாமல் கிடந்தேன்.

எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் யார் வீட்டுக் கல்யாணம் நின்றது, யார் யாரிடம் அழுதார்கள், எல்லாம் என் காது வழியாகத்தான் போனது. ஒரு சொல் நான் வெளியே விட்டதில்லை. உன் அப்பாவே ஊர்ச்சேதி கேட்டுக் கேட்டு என்னிடம் தோற்றுப்போனவர். அப்படிப்பட்டவள் சொந்த மகளின் ரகசியத்தைக் காப்பாற்றவில்லை. மறுநாள் கடிகாரக்காரரிடம் போய், என் சத்தம் உங்களுக்கும் கேட்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆறு மணிக்கு நான் ரேடியோவ நிறுத்திடுவேன்மா, அந்த நேரத்துல பாட்டு ஓடுனா நல்லா இருக்காது" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் நான் பிரார்த்தனை செய்யவே இல்லை, மகளே. ஆறு மணிக்கு நாற்காலியில் உட்காருவேன், வாயை இறுக மூடிக்கொள்வேன், மனதுக்குள் சொல்லலாம் என்று பார்ப்பேன், அண்ணன் இடுப்போடு நின்றுவிடும். கடவுள் மேலும் கோபம் வந்தது. எனக்குத்தான் காது மந்தம், உமக்குமா, இத்தனை வாரம் நான் கத்தியதை ஒருமுறை தடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். மூன்றாம் நாள் உன் மகள் தன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாள். மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், நீ போய் விளையாடு என்றேன். "சத்தமாவே சொல்லுங்க பாட்டி. மனசுக்குள்ள சொன்னா நீங்க அம்மாவுக்காகச் சொன்னீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றாள். இத்தனை வாரமும் பக்கத்து அறையில் உன் பெயர் வரும்வரை காத்திருந்திருக்கிறாள், வந்த பிறகுதான் பென்சிலை எடுத்து வைப்பாளாம். நான் சொன்னேன். குரல் உடைந்தது, பாதியில் அவள் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள், மருந்து ஏற்றும் தேதி உட்பட எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்போது தினமும் இரண்டு பேருமாகச் சொல்கிறோம்.

அவளுக்குத் தெரியும் என்பதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். ஏன் என்றேன். "எனக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா எவ்வளவு கஷ்டப்படுறாங்க, போன்ல எவ்வளவு சிரிக்கிறாங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்தக் கஷ்டம் எல்லாம் வீணாப் போயிடும்ல" என்றாள். நான் வாக்குக் கொடுக்கவில்லை. நீ அவளுக்காகச் சிரிக்கிறாய், அவள் உனக்காக ஒன்றும் தெரியாதவள் போல இருக்கிறாள், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு முடியவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் யோசித்துவிட்டு நேற்று அவளிடம், உன் அம்மாவுக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அழுதாள், ஒரு வேளை முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, "அம்மா பயந்துடாத மாதிரி எழுதுங்க" என்றாள். பயந்துவிடாதே, மகளே. முதல் தடவை உன் ரகசியத்தை நான் தெரியாமல் சொன்னேன், இந்தத் தடவை அவள் ரகசியத்தைத் தெரிந்தே சொல்கிறேன். திட்டுவதானால் என்னைத் திட்டு, அவளை ஒரு சொல் சொல்லாதே.

இன்றைக்கே தபாலில் சேர்த்தால், லீவு முடிந்து அவள் அங்கே வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாக உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். அவளுடைய பெட்டியில் துவைத்த துணி மேலேயும் செருப்பு அடியிலும் இருக்கிறது. மருந்துக்குப் பிறகு வாய்ப்புண் வந்தால் ஆறின கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, வெறும் வயிற்றோடு படுக்காதே. மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடட்டும். உன் தலைமுடி மாதிரியே பொய்முடி ஒன்று கடையில் வாங்கி வைத்திருக்கிறாயாம், விமான நிலையத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகப் போகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். உனக்காகப் போட்டுக்கொள்வதானால் போட்டுக்கொள், அழகாகவே இருக்கும். அவளுக்காகப் போடாதே. அடுத்த புதன்கிழமை டாக்டர் பரிசோதனை முடிவைச் சொல்வார் என்கிறாய். கடவுள் நல்லதைத்தான் கொடுப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் என்ன வந்தாலும் அன்றைக்கே, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீயே உன் வாயால் சொல். அவள் அழுதால் அழட்டும், நீயும் அழு. ஆளுக்கொரு அறையில் இருந்து அழாதீர்கள். இத்தனை வாரம் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து கேட்டது போதும்.

நீ நீண்ட ஆயுளோடு, உன் மகள் வளர்ந்து பெரியவளாவதைப் பார்க்கும் பாக்கியத்தோடு இருக்க வேண்டும். தினமும் ஆறு மணிக்கு உன் பெயரைச் சொல்கிறேன், அவள் கிளம்பிய பிறகும் சொல்வேன், சத்தமாகவே சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஏங்கும்
அம்மா