திங்கட்கிழமை சொன்னது

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

விழுப்புரம் தனி ஜில்லாவான வருஷம். என் பெரிய மகனுக்கு அம்மை போட்டு இறங்கின மாசம். அப்போதுதான் மில்காரர் எங்கள் காலனியின் சுடுகாட்டுப் பாதையை வளைத்துச் சுவர் எழுப்பினார். நாள் கிழமை எல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. எழுத்துதான் இல்லை. போனில் மைக்கை அழுத்திப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

இன்று திண்டிவனத்தில் ஜெசிந்தாவின் டைப்பிங் கடைக்குப் போனேன். எங்கள் காலனிப் பெண். பாதையை மீட்கச் சொல்லிக் கொடுத்த மனுவுக்கு என் வாக்குமூலம் வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். கடையில் வேறு ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். 'பாதை வேண்டாம்' என்று எழுதின பேப்பரில் ஐந்து பேர் கைநாட்டு. தெரு லைட்டுக்கு மனு என்று பொய் சொல்லி மற்ற நாலு பேரை வைக்கச் சொன்னவன் நான். பதிலுக்கு என் மகனுக்கு மில்லில் வேலை.

ஜெசிந்தா நிமிரவில்லை. "அப்புறம் சொல்லுங்க பெரியப்பா" என்றாள்.

5 ஆகஸ்ட்

சோறு இறங்கவில்லை. ஏன் சொன்னேன்?

6 ஆகஸ்ட், புதன்

மறுபடி போனேன். "ஒரு எடத்துல தப்பா சொல்லிட்டேம்மா. லைட்டுன்னு சொல்லி இட்டுக்கினு போனது நான் இல்ல. சவுரிராயன் அண்ணன்."

"நெசமாவா?"

"எனக்கு ஞாபகம் தப்புமா?"

மாற்றிவிட்டாள். கைநாட்டு வைத்த ஐந்து பேரில் அண்ணனும் ஒருவர். அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகப்போகிறது, 'தானே' புயலுக்கு முந்தின மாசம். செத்தவருக்கு இனிமேல் என்ன வந்துவிடும்? கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிற வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

கைநாட்டு வைக்கப் போனேன். கலையரசியும் வந்திருந்தாள், சவுரிராயன் அண்ணன் மகள். மனு போட்டதே அவள்தான். போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் அடித்த மறுநாள், அவள் அம்மா காந்திமதியின் பிணத்தை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். பாதை இல்லாமல் மார்பளவு தண்ணீரில் வயலுக்குள் இறங்கினோம். பாடையின் ஒரு மூலை சரிந்து அண்ணியின் கால் இரண்டும் தண்ணீரில் போயின. அன்றிலிருந்து கலை அலைகிறாள்.

கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. ஜெசிந்தா தலையில் கை வைத்தாள். "ஐயோ, பெரியப்பாவோட பேப்பர் தொறக்கவே மாட்டேங்குது!"

"போனா போவட்டும். புதுசா சொல்றேன்" என்றேன். மனசுக்குள் ஒரு நிம்மதி. அது நிஜம்.

"சித்தப்பாவுக்கு இன்னா, கடகடன்னு சொல்லிடுவாரு" என்று கலை சிரித்தாள். "நேத்து தின்னது மறந்து போறது நமக்குத்தான்."

ஜெசிந்தா விடவில்லை. "இருங்க, எங்கியாவது ஒரு காப்பி ஒளிஞ்சிக்கினு இருக்கும்." அரை மணி நேரம் தட்டினாள். கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

"கெடச்சிடுச்சு!"

"படிடீ, கேப்போம்" என்றாள் கலை. படித்துக் காட்டாமல் எங்கள் காலனியில் யாரும் கைநாட்டு வைப்பதில்லை. அந்தப் பேப்பருக்குப் பிறகு அண்ணன் கொண்டுவந்த வழக்கம். என்னையும் மில்காரர் ஏமாற்றிவிட்டதாகவே அவர் நம்பினார்.

நாலு வரி போனதும் ஜெசிந்தாவின் குரல் இறங்கியது. திங்கட்கிழமை சொன்னதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று புரிந்தது. முழுவதையும் படித்தாள்.

"புதன்கெழமை மாத்தினது போயிடுச்சு. எது வேணும் பெரியப்பா?"

"இன்னா மாத்தின சித்தப்பா?" என்றாள் கலை.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "என் பேரை எடுத்துட்டு உங்கப்பன் பேரைப் போடச் சொன்னேன்."

அவள் கத்தவில்லை. "சாவற வரைக்கும் உன்கூடத்தான் டீ குடிச்சாரு." அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

9 ஆகஸ்ட்

தண்ணி பிடிக்கக்கூடத் தெருவுக்குப் போகவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பெரிய மகனிடம் எல்லாம் சொன்னேன். "என் தலையில ஏன் கட்டற? வேலை கேட்டேனா நானு?" என்றான். அப்புறம், "அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேர விட்டா இன்னும் யாருக்கும் தெரியாது இல்ல? புதன்கெழமை சொன்னதையே திருப்பிச் சொல்லிடு. உனக்கு எதிரா சொல்ல எவன் இருக்கான்?"

ஒருத்தனும் இல்லை. அதைக் கணக்குப் போட்டுத்தானே நானும் மாற்றினேன் — சீ.

11 ஆகஸ்ட், திங்கள்

ஜெசிந்தாவிடம் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். திங்கட்கிழமை சொன்னதைத்தான். கட்டை விரலை வைத்தேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

திண்டிவனத்தில் விசாரணை. கலை பின் பெஞ்சில் இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மில்காரரின் வக்கீல் பழைய பேப்பரைக் காட்டி, "இவங்களே எழுதிக் குடுத்ததும்மா" என்றார்.

அதிகாரி அம்மா என்னைக் கேட்டார். "பெரியவரே, இதுல கைநாட்டு வெச்ச அஞ்சு பேர்ல யார் யார் இருக்காங்க?"

எழுந்து நின்றேன். ஞாபகம் தப்பவில்லை.

"அந்தோணி, மக கல்யாணத்துக்கு மொத நாள் போயிட்டான். மண்ணாங்கட்டி, கரும்பு வண்டியில இருந்து விழுந்து. ஆரோக்கியம், காமாலையில. சவுரிராயன் அண்ணன், நெஞ்சு வலியில. நாலு பேருக்கும் அதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியாதும்மா. தெரிஞ்சவன் ஒருத்தன். லைட்டுன்னு சொல்லி அவங்கள ஏமாத்தினவனும் அவன்தான். அவன் இன்னும் உசுரோட இருக்கான். பேரு கண்ணையன். நான்தாங்க."