சக்கரம் நின்ற மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், சித்தி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது கவனமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா. ம், இல்லை, சரி என்று மூன்று சொல் சொல்லி வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். எழுதினால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

உன் அறைக்குப் பக்கத்தில் மாலை வகுப்பு நடக்கிறது, விட்ட பத்தாம் வகுப்பை அங்கே முடிக்கலாம், கிளம்பி வா என்று சொன்னாய். எனக்கு வர ஆசைதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை எழுதமாட்டேன். பையைக்கூடக் கட்டிவிட்டேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அப்பாவும் போ போ என்கிறார். நான் போனால் மீன்குளத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவர்தான் சித்தியை ஊரிலிருந்து வரவழைத்தார்.

சித்தி நல்லவள். வந்த அன்றே அடுப்படியைத் தேய்த்துக் கழுவிவிட்டாள், அம்மா போனபிறகு அந்த மூலையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் குளத்துத் தண்ணீரை அடிக்கிற காற்றுச் சக்கரத்தின் சத்தம்தான் அவளுக்கு ஆகவில்லை. இந்த இரைச்சல்ல பொணம்கூட எழுந்து வேற இடம் பாத்துப் போயிடும், நீங்க எப்படிடி தூங்குறீங்க என்கிறாள். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் சமைக்கிறாள். எங்களுக்கு அது தலைகீழ் என்று அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. சக்கரம் சுற்றினால் தூங்குவோம், நின்றால் எழுந்துவிடுவோம். நீயும் அப்படித்தானே இருந்தாய். இப்போது அங்கே சத்தமில்லாமல் எப்படித் தூங்குகிறாய்?

மீன் தண்ணிக்குள்ளதானே கெடக்கு, அதுக்கு எதுக்குடி காத்து என்று கேட்டாள். தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றைத்தான் அது மூச்சு வாங்குகிறது, வெயில் அடித்தால் தண்ணீரிலிருக்கிற பாசியே அந்தக் காற்றை உண்டாக்கும், இருட்டிலும் மூட்டத்திலும் பாசியும் மீனோடு பங்குக்கு வந்துவிடும், அப்போது சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தால்தான் உயிர் நிற்கும் என்று சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் பேசியதே சித்திக்கு ஆச்சரியம். நன்றாகத் தலையை ஆட்டினாள். பகலில் பாசி பார்த்துக்கொள்ளும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

போன வாரம் முழுக்க வானம் மூடியே கிடந்தது. ஒரு பொட்டு வெயில் இல்லை. தண்ணீர் கரும்பச்சையாகி, தெளிவு பார்க்கிற வெள்ளைத் தட்டை இறக்கினால் என் முழங்கைவரைகூடப் போகவில்லை, அதற்குள் மறைந்துவிட்டது. தீவனத்தைப் பாதியாகக் குறைத்தோம். பகலிலும் மூன்று சக்கரத்தையும் நிறுத்தவில்லை. விடிவதற்கு முன் எழுந்து தண்ணீரில் காற்றை அளக்கிற மீட்டரை விட்டுப் பார்ப்பது, மறுபடி மதியம் பார்ப்பது என்று எனக்கு உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது. கால்விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது.

அன்றைக்கு மதியம் குளத்துக்குப் போடச் சுண்ணாம்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அந்த வளைவில் எப்போதும் நம் சக்கரம் கேட்கும் இல்லையா, கேட்கவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்றும் நின்றிருந்தன. குளம் முழுக்க வாய். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நான் போய் மெயினை ஏற்றினேன். அப்புறம் மீட்டரை விட்டால், ஐந்தாவது இருக்க வேண்டியது இரண்டுக்கும் கீழே. பம்பை எடுத்துத் தண்ணீரை மேலே பீய்ச்சினோம். அப்பா வேட்டியோடு குளத்தில் இறங்கிவிட்டார். இருட்டுகிறவரை வாளியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். எனக்குக் கை இன்னும் தூக்க வரவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

முக்கால்வாசி பிழைத்துக்கொண்டது. போனதெல்லாம் பெரிசு. பெரிசுக்குத்தான் காற்று அதிகம் வேண்டும், அதுதான் முதலில் போகும் என்று நீ சொல்லித்தந்திருக்கிறாய்.

நிறுத்தியது சித்திதான். தலை விண்விண்ணென்று வலித்ததாம், பகல்தானே, ஒரு கண் தூக்கம் போட்டுவிட்டுப் போட்டுவிடலாம் என்று மெயினை இறக்கியிருக்கிறாள். அப்புறம் அழுதாள். நான் ஒரு பாவி, என்னை பஸ் ஏத்தி விடுங்க என்றாள். அப்பா அவளைத் திட்டவே இல்லை. விடு, நானும் அசந்துட்டேன், உன்னை மட்டும் சொல்லி என்ன என்றார். சித்தி அதை நம்பிவிட்டாள்.

நான் ஓடி வந்தபோது அப்பா மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அசரவில்லை அண்ணா. மடியில் வலை இருந்தது. ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அப்பா என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். நான் அவருக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் திரும்பிக் குளத்தைப் பார்த்தார்.

எனக்கு முன்பே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. வீட்டில் எல்லோரும் கத்தியே பேசுவதால் வெளியே தெரியவில்லை. நான் என்ன கேட்டாலும் ஆமா ஆமா என்பார். நீ கூப்பிட்டால் போனை வாங்கி, சரிப்பா சரிப்பா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு என் கையில் திணித்துவிடுவார். நீ வீட்டைவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டு போன கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று நீ என்னிடம் வருத்தப்பட்டாய். கோபம் இல்லை அண்ணா. வைத்ததும் என்ன சொன்னான், சாப்பிட்டானாமா என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் கேட்பார்.

நான் இதை அவரிடம் பேசவில்லை. பேசினால் ஒத்துக்கொள்ளமாட்டார், எனக்கும் அந்த வாய் கிடையாது. மருத்துவமனைக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தேன். ஏன், உனக்கு என்ன பண்ணுது என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் காலையில் என் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மறுபடி மாட்டிவைத்தார். எப்ப கிளம்பறே என்றார். சித்தி ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாமல் எப்படிப்பா என்றேன். அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், நானென்ன கிழவனா என்றார்.

நான் வந்துவிட்டால் சக்கரம் நிற்பது யாருக்குக் கேட்கும்? அந்த ஒரே கேள்விதான். இரவும் பகலும் அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை எழுதவில்லை.

லிஃப்ட் கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே தானாக ஒரு விளக்கு எரியும், பயப்படாமல் இருப்பதற்கு, என்று நீ ஒரு தடவை சொன்னாய். அதேபோல் மோட்டார் நின்றால் எரிகிற மாதிரி ஒன்று இங்கே போட முடியுமா? ஒன்று கொட்டகையில், அவர் வலை பின்னுகிற இடத்துக்கு எதிரில். ஒன்று கட்டிலுக்கு நேர் மேலே, தூங்கினாலும் முகத்தில் அடிக்கிற மாதிரி. நீயே வந்து மாட்ட வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் எதற்கு இது என்று கேட்பார், நீ மாட்டினால் மகன் ஆசையாகச் செய்கிறான் என்று விட்டுவிடுவார். கடைக்காரன் மணி இருக்கிறது, சைரன் இருக்கிறது என்பான். மணி வேண்டாம் அண்ணா. விளக்குதான் வேண்டும்.

வரும்போது கரையிலிருந்து அப்பா என்று கூப்பிடாதே. பதில் வராது, நீ தப்பாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாய். சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நில். அவர் நிமிரும்வரை நில்.

உன்னை எதிர்பார்க்கிற,
தங்கை