தாம்பூலத் தட்டில் விழுந்த கத்தி

12.9.2006, செவ்வாய்

ஞாயிறன்று மைத்துனனின் நிச்சயதார்த்தத்தில் குனிந்தபோது, என் சட்டைப்பையிலிருந்த மடக்குக் கத்தி தாம்பூலத் தட்டில் விழுந்தது. சபையே பேச்சை நிறுத்தியது. அன்றிலிருந்து என் மனைவி செல்வி என்னோடு பேசவில்லை. நான் ஆசையாகச் சேர்த்துவைத்திருக்கும் பதினொரு கத்திகளில் தினமும் என்னோடு வருவது அந்தக் கொம்புப்பிடிக் கத்திதான்.

இன்று மாலை பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்து வந்தவள், கையைக் கழுவிவிட்டு, கொய்யா நறுக்க எதையோ தேடினாள். கத்தியை விரித்து நீட்டினேன்.

“கையில குடுக்காதீங்க, சண்ட வரும். கீழ வைங்க.”

“இப்ப மட்டும் என்ன நடக்குதாம்?”

சிரித்துவிட்டாள். பாதிக் கொய்யா எனக்கு. பிறகு கத்தியைத் துடைத்து, மடக்கி, அவளே என் பையில் போட்டாள்.

“தம்பி கல்யாணத்துக்கு இது வரக் கூடாது, ஆமா.”

சரி என்றேன். மற்ற பத்துக் கத்திகளைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.