இரண்டாம் கையெழுத்துக்கு இடம்

அக்டோபர் 30, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. கொடியில் துணி காயவில்லை. வீட்டு வேலைக்கு வரும் செல்வி பெரும்பாக்கத்திலிருந்து வந்து சேர ஒன்பதரை. குடை இல்லை, தலையில் பிளாஸ்டிக் பை.

வேலைகள்:
கல்லறைக்குச் சுண்ணாம்பு, பிரஷ்.
மெழுகுவர்த்தி, இரண்டு பாக்கெட்.
மூளை தானப் படிவம். மகள் ரோஸியின் கையெழுத்து.

படிவத்தின் வாசகம் மூளை ஆய்வகத்தில் இருந்தபோது நானே எழுதியது. என் பெயரைப் போட்டு நிரப்பியாயிற்று. 'நெருங்கிய உறவினர்' கட்டம் மட்டும் காலி.

மாலை அசோக் நகரிலிருந்து மகள் வந்தாள். படிவத்தைத் தொடவே இல்லை.

"முடியாது மம்மி. டாடி இறந்த அன்னிக்குப் பட்டது போதும். லேப் வண்டி வரும், வரும்னு கேட்லயே நின்னேன். இருட்டினப்புறம் நீங்க வந்து நேரம் தாண்டிடுச்சு, இனி மூளைய எடுக்க முடியாதுன்னு சொன்னீங்க. அப்படி இன்னொரு நாள் எனக்கு வேணாம்."

பஜ்ஜி ஆறிப்போயிற்று.

அக்டோபர் 31, வெள்ளி

வெயில். பழைய குறிப்பேடுகளுக்குத் தூசி தட்டினேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மறதி நோய் ஆய்வுக்காகக் கடலோரக் குப்பத்துக்குப் போன முதல் நாள். வெளிநாட்டுக் கேள்வித்தாள். கடிகாரம் வரையச் சொல்ல வேண்டும், தேதி கேட்க வேண்டும். மீன் விற்ற கன்னியம்மா பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாம்மா, கடியாரம் பாத்தா மீன் வருது? தேதியெல்லாம் உனுக்கு. எனுக்கு அமாவாச போயி மூணாம் நாளு."

கேள்வித்தாள்படி அவளுக்கு நோய்! அந்த வாரமே கேள்விகளை மாற்றினேன். குப்பத்துக்கு ஒன்று, மயிலாப்பூர் மாமிகளுக்கு ஒன்று, ஆங்கிலோ இந்திய முதியோர் இல்லத்துக்கு ஒன்று. பாடப்புத்தகத்து மூளைகள் எல்லாம் வெள்ளைக்காரர்களுடையவை. தானமாக வந்த மூளைகளை வைத்த எங்கள் அலமாரியில் எல்லாத் தெருக்களும் அடுத்தடுத்து இருந்தன. பிற்பாடு கன்னியம்மாவும் அங்கே வந்து சேர்ந்தாள். நுண்ணோக்கியில் நோயின் தடயம் நிறைய. ஆள் கடைசிவரை படு தெளிவு. ஏன் என்று தெரியாமலே ஓய்வு பெற்றேன்.

சம்மதம் கேட்டபோது அவள் மகனிடம் நான் சொன்னது: "தையலை முடி மூடிவிடும், பார்த்தால் தெரியாது." எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன்.

ஆய்வகப் பதிவேடு. என் கெடுபிடி. தவறை அழிக்கக் கூடாது. ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்க முடிய வேண்டும். மேலே சரியானது, தேதி. திருத்தியவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. வெள்ளை மை பூசிய உதவியாளரை அழ வைத்திருக்கிறேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு ரப்பரே கொடுத்ததில்லை.

நவம்பர் 1, சனி

மூட்டம். சுண்ணாம்பு வாங்கியாயிற்று. பிரஷ் மட்டம்.

செல்வி பாத்திரம் தேய்த்தபடியே, "பாப்பா ஒத்துக்கலயா? நீ சொல்லிடு டாக்டரம்மா. ஐயா செத்த அன்னிக்கு லேபுக்குப் பேச நான் போன எடுத்தேன். நீதான வாங்கித் தலகாணிக்கி அடியில வெச்சிகினே. பாப்பா பாவம், கேட்டாண்டயே நின்னுகினு இருந்திச்சு."

"வாயை மூடிட்டுத் தேய்."

"நாலு வருசமா மூடிகினுதான் தேய்க்கிறேன்."

எழுதிவிடுகிறேன். என் கணவர் கணக்கு ஆசிரியர். மறதி நோய் தெரிந்த வாரமே, புத்தி தெளிவாக இருக்கும்போதே, தானப் படிவத்தில் கையெழுத்திட்டார். கடைசி இரண்டு வருடம் என்னை நர்ஸ் என்று நினைத்து, "சிஸ்டர்" என்பார். வகிடு மட்டும் நேராக இருக்க வேண்டும். இறந்த அன்று கடைசியாக வகிடு எடுத்துச் சீவிவிட்டேன். முடி மூடிவிடும் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். என் வாழ்நாள் வேலை அது. அவரிடம் முடியவில்லை. ஆய்வகத்துக்கு நான் அழைக்கவே இல்லை. ரோஸியிடம் மழை என்றேன், வண்டி மாட்டிக்கொண்டது என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். நல்ல கூட்டம். சாமந்தி, ஊதுபத்தி, குழந்தைகள் சத்தம். ரோஸி சிலுவைக்கு வெள்ளையடித்தாள், நான் எழுத்துகளுக்குக் கறுப்பு.

சொல்லிவிட்டேன். நான்கு வாக்கியம். எண்ணினேன்.

பிரஷ் நின்றது. "அன்னிக்கு ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ரோட்டுக்கு ஓடினேன் மம்மி. நனைஞ்சுகிட்டே. நீங்க ஜன்னல்லேந்து பாத்துக்கிட்டிருந்தீங்க."

"ஆமாம்."

மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினாள்.

நவம்பர் 3, திங்கள்

தூறல். அழைப்பு இல்லை. இரண்டு முறை போனை எடுத்து வைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

முன்னறிவிப்பு இல்லாமல் ரோஸி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"படிவம் எங்க?"

கையெழுத்திட்டாள். அவள் அப்பாவின் கையெழுத்து, அதே சாய்வு. "ஆனா உங்க நாள் வரும்போது லேபுக்குப் போன் பண்றது செல்வி. அவ கையிலதான் போன் இருக்கணும்."

அடுப்படியிலிருந்து செல்வி: "இந்த வாட்டி யாரு புடுங்குறாங்கன்னு பாக்கிறேன்!"

ரோஸி சிரித்தாள். அவள் அப்பா இறந்த வருடத்து நாட்குறிப்பைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தேன். அந்தத் தேதி. 'மழை. வண்டி வரவில்லை.' ஸ்கேல் வைத்து ஒரே கோடு. மேலே: 'நான் அழைக்கவில்லை.' இன்றைய தேதி, என் கையெழுத்து. சரிபார்த்தவர் கையெழுத்துக்காகப் பேனாவை அவள் பக்கம் நீட்டினேன்.

வெகுநேரம் படித்தாள்.

"இதுக்கு இப்ப முடியாது மம்மி."

பேனாவை மூடினேன். பக்கத்தில் இடம் இருக்கிறது.